நாற்பத்தொன்றாவது ஆள்

துலூத் நகர நூலகத்தில்
வரிசையில் நான் நாற்பத்தொன்றாவது ஆள்.
பழைய அக்டோபரில் பெயர் கொடுத்தது.
ஏரி உறைந்து
இரும்புத்தாதுக் கப்பல்கள் நின்றுபோய்
மார்ச் கடைசியில் முதல் சங்கு ஊதிப்
பாலம் உயர்ந்த அன்று
கைக்கு வந்தது புத்தகம்.

ஹோல்பிரிட்ஜின் பத்தொன்பதாவது நாவல்.
அட்டையில் அவர் பெயர் பெரிது, தலைப்பு சிறிது.
எழுபதாம் பக்கத்தில் யாரோ சிந்திய காப்பி
எழுபத்தொன்பது வரை ஊறியிருந்தது.

எனக்கு முன்னால் நாற்பது பேர்.
சிலர் பென்சிலோடு படித்திருக்கிறார்கள்.

முப்பத்துநாலில் சாட்சிக்கு நீலக் கண்.
இருநூற்றுப் பன்னிரண்டில் பழுப்பு.
ஓரத்தில்: "கண்ணை யார் மாற்றியது?"
சாய்வான இன்னொரு கையெழுத்து:
"பிப்ரவரியில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறானாம்.
ஒரு குளிர்காலம் இங்கே வந்து இருக்கட்டும்."
மூன்றாமவர் அதிகம் எழுதுகிறவர் இல்லை.
அறுபது பக்கத்துக்கு ஒரு தடவை
ஒரே சொல்: "ஆட்சேபணை."
முந்நூற்றுப் பத்தில் மட்டும் அதன் கீழே
வேறு யாரோ: "ஏற்கப்படுகிறது."

கொலையாளி யாரென்று
இருபத்தெட்டிலேயே தெரிந்துவிட்டது எனக்கு.
முழுப் பூசணிக்காய்.
மேலே நாலு பருக்கை சோறு.

டெஸ் மல்கஹி, எங்கள் டெஸ்,
ஒரு காலிச் தீப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப்
பேசாமல் நின்றே
ஷெரீஃபைக் கூண்டில் அழவைத்தவள்,
இதில் விமானம் ஏறுகிறாள், இறங்குகிறாள்,
விலை சொல்லி ஒயின் குடிக்கிறாள்.
தீர்ப்பு நாள் காலையில்
பெயரில்லாத ஓர் உறை வருகிறது அவளுக்கு.
எல்லாம் அதற்குள் இருக்கிறது.

உறை!
நானூற்றுச் சொச்சம் பக்கம் நடந்த வழக்கைத்
தபால்காரர் முடித்துவைக்கிறார்.

"ஆள் வைத்து எழுதுகிறார்" என்றார்
ஆணி விற்கும் ஆர்வின் கொய்விஸ்டோ,
என் சில்லறையை இரண்டாம் தடவை எண்ணியபடி.
மார்லிஸ் விடவில்லை:
"மனுஷனுக்குப் பெண்டாட்டி போய் வருஷம்கூட ஆகவில்லை."
"அதற்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்கணும்?"
இரண்டு நாள் அவர்களுக்குள் பேச்சில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு வருடம் முன்பு நான் ஜூரியில் இருந்தேன்.
ஏழாம் நாற்காலி.
பனி வழிக்கும் வண்டி, ஒரு பையன், ஒரு வளைவு.
பதினோரு நாள்.
பிரேக்கைப் பற்றி மட்டும் இரண்டு நாள் பேசினார் ஒரு நிபுணர்.
வக்கீல் தும்மினார், மன்னிப்புக் கேட்டார்.
எந்த உறையும் வரவில்லை.
குற்றமில்லை என்றோம்.
சரியாகத்தான் சொன்னோம், இன்றைக்கும் அதையே சொல்வேன்.
பையனின் அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு போய்
கதவை இழுத்தார்.
தள்ள வேண்டிய கதவு அது.
மறுபடியும் இழுத்தார்.
அறை நிறைய ஆள். ஒருவரும் சொல்லவில்லை.

அன்றிரவு ஹோல்பிரிட்ஜின் எட்டாவதை எடுத்தேன்,
முன்பே இரண்டு முறை படித்தது.
விடிய நாலு மணிக்கு டெஸ் ஜெயித்தாள்.
தூங்கினேன்.

கடைசி வெற்றுத்தாளில்
பென்சில் கோடு போட்டு யாரோ தொடங்கிய வாக்கெடுப்பு.
குற்றம் பக்கம் பதினாலு கோடு.
மறுபக்கம் ஒன்று, அழுத்தி,
தாள் கிழிகிற அளவுக்கு.
மார்லிஸாகத்தான் இருக்கும்.

இரு பக்கமும் கோடு போடவில்லை நான்.
இருநூற்றுப் பன்னிரண்டுக்குத் திரும்பி
"பழுப்பு" என்பதை அடித்து
"நீலம்" என்று எழுதினேன்.
மற்றதற்கெல்லாம் என் கையில் மருந்தில்லை.

திருப்பிக் கொடுத்தேன், ஒரு நாள் தாமதம்.
இருபதாவது அடுத்த வருடம் வருகிறதாம்.
பெயர் கொடுத்தாயிற்று.
இந்தத் தடவை மூன்றாவது ஆள்.
முன்னால் இருக்கும் இருவரில் ஒருவர்
ஆர்வின் என்று கேள்வி.